மலிவான பாருக்கு வழி

பெருநகரம் ஒன்றில் விலை மலிவான, தனக்கென்று ஒரு முகம் கொண்ட மதுக்கூடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது ஓர் எழுத்துவகை. பயணக் கட்டுரையாகவும் நகர நினைவுக் குறிப்பாகவும் ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழின் பத்தியாகவும் உலகம் முழுக்க அது எழுதப்படுகிறது. அதன் கூறுகள் பெரிதாக மாறுவதில்லை. சந்துக்குள் ஒரு கதவு, கறை படிந்த மரமேசை, வாடிக்கையாளரின் பெயரோடு அவர் குடிக்கும் அளவும் தெரிந்த பரிமாறுபவர், மூலையில் தினமும் அதே நாற்காலியில் ஒரு கிழவர். எழுதுகிறவர் அங்கே தனியாகப் போகிறார், முன்பின் தெரியாதவர்களோடு பேசுகிறார், நள்ளிரவில் நடந்தே அறைக்குத் திரும்புகிறார். இந்தக் கடைசி வரி வந்ததும் என் வாசிப்பு நின்றுவிடும். நடந்தே திரும்பினார் என்பதை மூன்று சொற்களில் சொல்லி முடிக்க முடிகிறதென்றால், அந்தக் கட்டுரையை எழுதியது எந்த உடல் என்பதும் தெரிந்துவிடுகிறது.

இவ்வகையின் மூலப்பிரதி என்று சொல்லத்தக்க ஒன்றை ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் லண்டன் மாலை நாளிதழ் ஒன்றில் எழுதினார். தனக்குப் பிடித்த மதுக்கூடத்தை வர்ணித்துக்கொண்டே போய், கடைசியில் அப்படி ஓர் இடமே இல்லை, தான் கற்பனை செய்தது அது என்று ஒப்புக்கொள்ளும் சின்னக் கட்டுரை. பெண்ணாக வாசிக்கும்போது அதில் இரண்டு இடங்கள் கண்ணில் படுகின்றன. ஒன்று, அந்தக் கூடத்துக்குப் பின்னால் தோட்டம் இருப்பதால் குடும்பம் முழுவதும் வரலாம், தாய் மட்டும் வீட்டில் குழந்தையோடு அடைந்து கிடக்க வேண்டியதில்லை என்று அவர் சொல்வது. அந்தக் காலத்து ஆண் ஒருவருக்கு இது தோன்றியதே நல்ல விஷயம். மற்றொன்று, அங்கே பரிமாறும் நடுவயதுப் பெண்கள். தலைக்குச் சாயம் பூசிய அவர்கள் வருகிறவர்களையெல்லாம் அன்போடு விளித்துப் பேசுகிறார்கள். அந்த இடத்துக்கு முகம் தருவதே அவர்கள்தான். ஆனால் வேலை முடிந்தபின் அவர்கள் எங்கே போய் உட்கார்வார்கள் என்பது கட்டுரையில் இல்லை.

நியூயார்க்கின் மெக்ஸார்லிஸ் இன்னும் வெளிப்படையானது. 1854-இல் தொடங்கியதாகச் சொல்லிக்கொள்ளும் அந்தக் கடையைப் பற்றி ஜோசப் மிட்செல் 1940-இல் எழுதிய சித்திரம், நகரக் கட்டுரைகளில் செவ்வியல் தகுதி பெற்றது. அதில் தெரியும் கிழவர்களும் பழைய அடுப்பும் பூனைகளும் எனக்கும் பிடிக்கும். அந்தக் கடையின் கொள்கையோ நல்ல பீர், பச்சை வெங்காயம், பெண்களுக்கு இடமில்லை என்பது. 1970-இல் வழக்கும் சட்டமும் வந்து கதவைத் திறக்கும்வரை அப்படியேதான் இருந்தது. (பச்சை வெங்காயம் எங்கள் பெரம்பலூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. சின்ன வெங்காயம் எங்கள் மண்ணின் பயிர். அதை நட்டு, களையெடுத்து, அறுத்து, தாள் நீக்கிக் குவிப்பது பெண்கள்.) ஆக, நூறாண்டுக்கு மேலாக அந்த இடத்தின் குணம் என்று எழுதப்பட்டதில் ஒரு பகுதி, பெண்கள் அங்கே இல்லை என்பதுதான். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 1965-இல் மெர்ல் தார்ன்டனும் ரோசலி போக்னரும் ரெகாட்டா ஹோட்டலின் மதுக்கூடக் கம்பியில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார்கள். லண்டனில் எல் வினோ என்ற கடையில், பத்திரிகையாளர்கள் செய்தி பரிமாறிக்கொள்ளும் முன்பகுதியில் நின்றபடி குடிக்கப் பெண்களுக்கு உரிமை உண்டு என்ற தீர்ப்பு வர 1982 ஆகிவிட்டது. வேலை, செய்தி, நட்பு, இலக்கியம் எல்லாம் நடந்த மேசைகள் அவை. கேள்வி மதுவைப் பற்றியதாக மட்டும் ஒருபோதும் இருந்ததில்லை.

தமிழிலும் அந்த மேசை உண்டு. சிறுபத்திரிகைக்காரர்களின் நினைவுக் கட்டுரைகளை அடுத்தடுத்து வாசித்தால், ஒரு பத்திரிகையின் பெயர், ஒரு மொழிபெயர்ப்பின் தொடக்கம், ஒரு பகையின் முதல் சொல் என எத்தனையோ விஷயங்கள் ஏதோ ஒரு பாரில் முடிவானது தெரியவரும். அந்தக் கட்டுரைகளில் பெண்கள் தொலைபேசியில் வருவார்கள். ‘எப்ப வருவீங்க?’ என்று கேட்கும் குரலாக. நவீனத் தமிழிலக்கியத்தின் ஒரு பகுதி பேசி முடிக்கப்பட்ட அறைக்குள் பெண்கவிஞர்கள் இருந்ததில்லை என்பதை இலக்கிய வரலாற்றின் தகவலாகவே பதிவு செய்ய வேண்டும். புகாராகச் சொன்னால், ‘உங்களை யார் வர வேண்டாம் என்றது?’ என்பார்கள். ஒருவரும் சொல்லவில்லைதான்.

மெக்ஸார்லிஸில் எழுதி வைக்கப்பட்டிருந்தது, தமிழ்நாட்டில் எழுதப்படாமலேயே நடக்கிறது. இருபத்தொரு வயதான எவரும் டாஸ்மாக்கில் வாங்கலாம். பெண் வாங்கக் கூடாது என்று சட்டம் இல்லை. ஆனால் அந்தக் கடையைக் கவனித்துப் பாருங்கள். கம்பி வலைக்குள் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை. இங்கிருந்து காசு போகிறது, அங்கிருந்து பாட்டில் வருகிறது. பக்கத்தில் டெண்டர் எடுத்த தனியார் நடத்தும் பார்: தகரக் கூரை, நனைந்த தரை, பிளாஸ்டிக் தம்ளர், வாட்டர் பாக்கெட், அவித்த கடலை, காலி பாட்டில் மூட்டை. கழிப்பறை என்ற ஒன்று இருந்தாலும் அது எவருக்கானது என்பது வாசனையிலேயே தெரியும். உட்கார்ந்து பேசக்கூடிய இடமாக அதைக் கட்டவில்லை. வேகமாகக் குடித்து வெளியேறும் இடமாகவே கட்டினார்கள். மதுவை ஒரு குற்றமாகவும் ஒரு வருமானமாகவும் ஒரே நேரத்தில் பார்க்கும் அரசின் கட்டடக்கலை இப்படித்தான் இருக்கும்.

அந்த இரட்டைப் பார்வைக்கு வரலாறு இருக்கிறது. 1937-இல் சேலத்தில் ராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு, 1948-இல் மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971-இல் கருணாநிதி அதைத் தளர்த்தி, சில ஆண்டுகளில் மறுபடி கொண்டுவந்தார். எம்.ஜி.ஆர். 1981-இல் கடைகளைத் திறந்தார், 1983-இல் டாஸ்மாக் நிறுவனத்தை உருவாக்கினார். 1987-லிருந்து கள் இறக்கத் தடை. 2003-இல் ஜெயலலிதா சில்லறை விற்பனையையும் அரசின் கைக்கே கொண்டுவந்தார். இத்தனை திருப்பங்களிலும் பெண்களின் கண்ணீர் மேடைகளில் பேசப்பட்டது, தாய்க்குலத்தின் பெயரால் கடைகள் மூடப்பட்டன. கேரளத்தில் கள்ளுக்கடைகள் இன்றும் இருக்கின்றன. கப்பையும் மீன்கறியும் சாப்பிடக் குடும்பத்தோடு வருகிறவர்களுக்குத் தனி அறை வைத்த கடைகளும் அங்கே உண்டு. பனையையே அரசு மரமாகக் கொண்ட நம் மாநிலத்தில் அந்தப் பனையின் கள் குற்றம், ஆலையில் வடித்த பிராந்தி அரசின் சரக்கு. இதில் பறிபோனது யாருடைய தொழில், யாருடைய சாதியின் வாழ்வாதாரம் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். சென்னை – திருச்சி நெடுஞ்சாலை பெரம்பலூரைத் தொட்டுக்கொண்டு போகிறது. அரியலூரில் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலைகளும் லாரிகளும். தேசிய, மாநில நெடுஞ்சாலைகளின் ஓரம் மதுக்கடை கூடாது என்ற உச்சநீதிமன்றத் தீர்ப்பு 2016 டிசம்பரில் வந்தது. அடுத்த ஏப்ரலில் தமிழ்நாடு முழுவதும் 3,000-க்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. மூடப்பட்டவை ஊருக்குள்ளும் வயலோரத்திலும் திறக்க இடம் தேடின. நகராட்சி எல்லைக்குள் இருக்கும் சாலைகளுக்கு அந்தத் தடை பொருந்தாது என்ற விளக்கம் சில மாதங்களில் வந்து, நகரங்கள் தப்பித்துக்கொண்டன. கிராமத்துப் பெண்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் அந்த ஏப்ரலில் போராடிய ஒரு பெண்ணைக் காவல்துறை அதிகாரி கன்னத்தில் அறைந்த காட்சியை நாடே பார்த்தது.

அந்தப் போராட்டங்களை ஒழுக்கப் போராட்டங்களாக வாசிப்பது சோம்பேறித்தனம். எங்கள் ஊர்ப் பக்கம் மக்காச்சோளக் கொல்லைக்குக் களையெடுக்கப் போகும் ஓர் அக்கா என்னிடம் சொன்னது இது: “கடை எங்கயோ இருந்துட்டுப் போவட்டும்மா, நான் போற வழியில இருக்கக் கூடாது. அஞ்சு மணிக்கு மேல அந்தப் பக்கம் வர முடியல. அரை மைல் சுத்திப் போறேன்.” அவர் பேசியது வழியைப் பற்றி. நூறு நாள் வேலைக் கூலி வீட்டுக்கு வராமல் கம்பி ஓட்டைக்குள் போவதைப் பற்றி. அடியைப் பற்றி. எங்கள் வடக்கே இருக்கும் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது, இறந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள் என்ற செய்தியைப் பலரும் ஏதோ கூடுதல் அதிர்ச்சியைப் போல வாசித்தார்கள். உழைத்துக் களைத்த பெண்கள் குடிப்பது எங்கள் ஊர்களில் என்றுமே ரகசியமாக இருந்ததில்லை. நடவு முடிந்த இரவிலும் சாவு வீட்டிலும் கொல்லைப்புறத்தில் அது உண்டு. மாநிலத்தில் நூற்றில் ஒரு பெண்கூடக் குடிப்பதில்லை, ஆண்களில் நால்வரில் ஒருவர் குடிக்கிறார் என்கிறது அண்மைய தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. வீட்டு வாசலில் நோட்டுடன் நிற்பவரிடம் ஒரு பெண் என்ன சொல்வாள் என்பதையும் சேர்த்தே அந்த எண்ணை வாசிக்க வேண்டியிருக்கிறது.

இனி எதிர்ப்பக்கக் குரல். என்னிடம் தமிழ் படித்து, இப்போது சென்னையில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கும் மாணவி ஒருத்தி போன ஆண்டு பேசிக்கொண்டிருக்கையில் சொன்னாள்: “மேம், பசங்கன்னா ஐந்நூறு ரூபாயில உக்காந்து பேசிட்டு வந்துர்றாங்க. எங்களுக்கு ஒண்ணு ஸ்டார் ஹோட்டல், இல்லன்னா ரூமுக்குள்ள கதவச் சாத்திக்கணும். அதுக்கும் எவன்கிட்டயாவது காசு குடுத்து வாங்கிட்டு வரச் சொல்லணும். அதுக்கப்புறம் அவன் பாக்குற பார்வையே வேற.” சென்னையில் நடுத்தரமான ஒரு கூடம், மும்பையின் பெர்மிட் ரூம் போலவோ பெங்களூரின் பழைய பப் போலவோ, ஆண்களுக்கே குறைவு என்பார்கள். உண்மைதான். ஒரு முனையில் தகரக் கூரை, மறுமுனையில் நட்சத்திர விடுதி, இடையில் ஏசி பார் என்ற பெயரில் இருட்டறை. மால்களில் இருக்கும் எலைட் கடைகளில் பெண்கள் தைரியமாக வாங்க முடிகிறது. அங்கேயும் வாங்கத்தான் முடியும். பணமிருந்தால் பெண் குடிக்கலாம், பணமில்லாவிட்டால் ஒளிந்து குடிக்கலாம் என்பதே ஏற்பாடு.

நான் குடிப்பேனா என்று இந்த இடத்தில் சிலர் யோசித்திருப்பீர்கள். ஆண் எழுதும் பார் கட்டுரையில் இந்தக் கேள்வி எழுவதில்லை, பெண் எழுதினால் முதல் பத்தியிலேயே எழுகிறது. பதில் சொல்லப் போவதில்லை.

ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011-இல் வெளியிட்ட ‘ஒய் லாய்ட்டர்?’ நூல், மும்பைப் பெண்கள் பொதுவெளியில் இருக்க எப்போதும் ஒரு காரணம் காட்ட வேண்டியிருப்பதைப் பேசியது. பள்ளிக்குப் போகிறேன், கோயிலுக்குப் போகிறேன், பேருந்துக்கு நிற்கிறேன். காரணமில்லாமல் நிற்பதும் உரிமைதான் என்பது அவர்கள் வாதம். பாரில் உட்கார்வது காரணமின்மையின் உச்சம். அதனால்தான் 2009 ஜனவரியில் மங்களூரில் ஒரு பப்புக்குள் புகுந்து இளம்பெண்களை அடித்தார்கள். பெண்கள் மதுக்கூடத்தில் வேலை பார்ப்பதைத் தடுத்த 1914-ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவை உச்சநீதிமன்றம் 2007-இல்தான் நீக்கியது, அனுஜ் கார்க் வழக்கில். பாதுகாப்பு என்ற பெயரில் பெண்ணை வீட்டில் வைப்பதல்ல, வெளியைப் பாதுகாப்பானதாக்குவதே அரசின் வேலை என்ற திசையில் போகும் அந்தத் தீர்ப்பை மாணவிகள் வாசிக்க வேண்டும். இலங்கையில் பெண்களுக்கு மது விற்கக் கூடாது என்ற 1979-ஆம் ஆண்டு விதியை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற ஜனாதிபதி சிறிசேன உத்தரவிட்டார். பெண் குடிப்பதைவிட, அவள் குடிக்கலாம் என்று ஒரு தாளில் எழுதியிருப்பதே ஆட்சியாளர்களுக்குப் பயம் தருகிறது.

நம் புனைவுகளிலும் இந்தப் பயம் உண்டு. ஜெயகாந்தனின் கங்கா ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ முடிவில் குடிக்கத் தொடங்குகிறாள். அது அவள் விருப்பமல்ல, விட்டுப்போன ஓர் ஆணின் பழக்கத்தை அவள் அணிந்துகொள்கிறாள். பெண்ணின் கையில் கோப்பை வந்தால் கதை அதை வீழ்ச்சியாகவே மொழிபெயர்க்கிறது. சினிமாவில் சொல்லவே வேண்டாம். 2012-இல் கமலக்கண்ணன் இயக்கிய ‘மதுபானக் கடை’ டாஸ்மாக் பாரையே களமாக்கி, அங்கு வருகிறவர்களையும் வேலை செய்கிறவர்களையும் மனிதர்களாகப் பார்த்த நேர்மையான முயற்சி. அதற்கு முன்னும் பின்னும் வந்த நூற்றுக்கணக்கான பார் பாடல்களில் பார் என்பது பெண்ணைத் திட்டுவதற்கென்று ஆண்கள் கூடும் சபை. ராமின் ‘தரமணி’க்கு 2017-இல் ஏ சான்றிதழ் கிடைத்தபோது, ஆண் தண்ணீர் கலக்காமல் குடித்தால் யு/ஏ, பெண் குடித்தால் ஏ என்று தணிக்கையைக் கேலி செய்து படக்குழுவே விளம்பரம் வெளியிட்டது. இரண்டாண்டு கழித்து வந்த ‘ஆடை’யில் நாயகி நண்பர்களோடு குடித்துவிட்டு விடிந்ததும் நிர்வாணமாக எழுகிறாள், படத்தின் பின்பாதி அவளுக்குப் பாடம் நடத்துகிறது. துணிச்சலான படம் என்று பெயர் வாங்கிய அதை என்னால் அப்படி ஏற்க முடியவில்லை. மங்களூரில் கையால் செய்ததை அது திரைக்கதையால் செய்கிறது.

பெரம்பலூரில் பிறந்த சிவகாமியின் ‘ஆனந்தாயி’யை இந்த வரிசையில் வேறு இடத்தில் வைக்க வேண்டும். மனைவி கீழே பிரசவ வலியில் கிடக்க, கணவன் பெரியண்ணன் மாடியறையில் இன்னொரு பெண்ணோடு இருக்கிறான். ஒரே வீட்டில் கேளிக்கைக்கு ஒரு தளம், உழைப்புக்கு ஒரு தளம். இன்பம் மாடியில் இருக்கிறது, படிக்கட்டு ஆணுடையது. மாடிக்கு அழைத்துவரப்படும் பெண்ணுக்கும் அந்த இன்பம் சொந்தமில்லை என்பதை நாவல் விடாமல் காட்டிக்கொண்டே போகிறது. பாரில் பெண்ணுக்கு இடம் வேண்டும் என்று கேட்கும் நாம் எந்தத் தளத்திலிருந்து கேட்கிறோம் என்று பார்த்துக்கொள்ள, எங்கள் மண்ணிலிருந்து வந்த இந்த நாவல் உதவும்.

சங்கப் பாடல்களில் வேறு ஏற்பாடு இருந்ததா? அவசரப்பட்டுப் பொற்காலம் கட்ட வேண்டாம். பட்டினப்பாலையில் கள் விற்கும் இடத்துக்கு அடையாளக் கொடி பறக்கிறது. இரவில் நகரத்துப் பெண்கள் பட்டை நீக்கி மெல்லிய ஆடைக்கு மாறி, வெறும் கள்ளை விட்டு உயர்ந்த மதுவுக்கு மாறுகிறார்கள். இது வசதியுள்ள பெண்களின் இரவு, நட்சத்திர விடுதியின் முன்னோடி என்றுகூடச் சொல்லலாம். பெரும்பாணாற்றுப்படையில் கள் காய்ச்சும் பெண்கள் வருகிறார்கள். அவர்கள் கிண்ணம் கழுவி ஊற்றிய நீர் சேறாகி, அதில் பன்றிகள் புரள்கின்றன. காட்சி சேற்றுக்கும் பன்றிக்கும் போய்விடுகிறது, கழுவிய கையைப் பின்தொடர்வதில்லை. ஆர்வெலின் சாயம் பூசிய தலைகளுக்கும் இவர்களுக்கும் தூரம் அதிகமில்லை. நீலகிரியில் 2022-இல் தொடங்கிப் பிறகு பெரம்பலூருக்கும் வந்த காலி பாட்டில் திரும்பப் பெறும் திட்டத்தில், பாட்டிலுக்குப் பத்து ரூபாய் உண்டு. விடியற்காலையில் வயலோரம் பாட்டில் பொறுக்கிச் சாக்கில் கட்டும் பெண்களை எங்கள் சாலைகளில் பார்க்கலாம். குடியோடு பெண்ணுக்கு உள்ள உறவில் வேலை என்ற பகுதி மட்டும் இரண்டாயிரம் ஆண்டுகளாக அறுபடவில்லை.

ஔவை விதிவிலக்கு. அதியமான் இறந்தபின் அவர் பாடிய புறநானூற்று 235-ஆம் பாடல், ஒரு மேசையின் நினைவு. கள் கொஞ்சமாக இருந்தால் அதை எங்களுக்கே தந்துவிடுவான், நிறைய இருந்தால் எங்களுக்கும் தந்து, நாங்கள் பாட அவனும் மகிழ்ந்து குடிப்பான் என்று அவர் நினைவுகூர்கிறார். கொடையைப் புகழும் பாடல்கள் ஆயிரம் இருக்கலாம், பற்றாக்குறையை இவ்வளவு நுட்பமாக அளவுகோலாக்கிய பாடல் அரிது. நிறைய இருக்கும்போது பகிர்வதில் பெருமையில்லை. கொஞ்சமாக இருக்கும்போது தம்ளர் யார் பக்கம் நகர்கிறது என்பதில்தான் சமத்துவம் தெரியும். புலால் மணக்கும் தன் தலையை அவன் கை தடவியதையும் அதே பாடலில் சொல்கிறார். அந்தத் தொடுகையில் ஔவைக்குக் கூச்சமில்லை.

இதே ஔவைக்கு இதே அதியமான் நெல்லிக்கனி தந்தது 91-ஆம் பாடல். இரண்டும் ஒருவரே ஒருவருக்குத் தந்தவை. நெல்லிக்கனி பாடப்புத்தகத்துக்கும் மேடைக்கும் பட்டிமன்றத்துக்கும் போயிற்று. கள் உரையாசிரியரோடு நின்றுவிட்டது. 1953-இல் கே.பி. சுந்தராம்பாள் நடித்த ‘ஔவையார்’ படத்துக்குப் பின் கோலூன்றிய பக்திமூதாட்டிதான் நம் மனதில் நிலைத்துவிட்ட ஔவை. வகுப்பில் 235 நடத்தும்போது கள் என்பது ஒருவகைப் பழச்சாறு என்று தாண்டிப்போகும் ஆசிரியர்களை நான் கேட்டிருக்கிறேன். (சங்கத் தமிழில் கள்ளுக்கு அரியல் என்றும் ஒரு பெயர் உண்டு. அரி இல் ஊர், அதாவது திருமால் உறையும் ஊர் என்றே அரியலூருக்கு விளக்கம் சொல்வார்கள். நான் அதை மறுக்க வரவில்லை. ஆனால் அந்த ஊர்ப் பெயரை எழுதும்போதெல்லாம் மற்றச் சொல் காதில் விழுகிறது.)

களையெடுக்கப் போகும் அக்காவையும் சென்னை மாணவியையும் இந்தப் பாடலைக் காட்டிச் சமாதானம் செய்துவிட முடியாது. தன் வழியில் பெண்கள் உட்காரும் பார் ஒன்று வந்தால் அக்கா அதையும் விளக்குமாற்றோடு எதிர்ப்பார், அதற்கு அவரிடம் போதிய காரணம் இருக்கிறது. மாணவிக்கும் அவள் கேட்கும் நாற்காலிக்குப் போதிய காரணம் இருக்கிறது. இருவரையும் ஒரே கட்சியாக்கும் கோட்பாடு என்னிடம் இல்லை. சங்க இலக்கியத்தில் கள்ளை யார் காய்ச்சினார், யார் ஊற்றினார், பெண் எங்கே உட்கார்ந்தாள், யாரோடு, எவ்வளவு இருந்தபோது என்று பாட்டு பாட்டாகக் கணக்கெடுக்கும் ஆய்வை முதுகலை மாணவி ஒருத்தி இப்போது எடுத்திருக்கிறாள். தலைப்பை ‘சங்க இலக்கியத்தில் மதுவிலக்குச் சிந்தனைகள்’ என்று மாற்றிக்கொண்டால் நல்லது என்று அவளுக்கு ஆலோசனை வந்திருக்கிறது. அவள் 235-ஐ நகலெடுத்துக் கோப்பின் முதல் பக்கத்தில் வைத்துவிட்டு, பெரும்பாணாற்றுப்படையிலிருந்து குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறாள்.